பதினெட்டு நிமிஷத் தண்ணி

ஒரு தெருவின் வாக்குச்சாவடியில் ஆளுங்கட்சி எத்தனை சதவீதம் ஓட்டு வாங்கியதோ, அந்தத் தெருவுக்குத் தினமும் அத்தனை நிமிஷம்தான் குழாயில் தண்ணீர். பவுனம்மாவின் தெருவுக்கு அஞ்சு வருஷமாகப் பதினெட்டு நிமிஷம். அவளும் சளைக்கவில்லை, கொல்லையில் கிணறு வெட்டி, வந்தவர்களுக்கெல்லாம் இறைத்துக் கொடுத்தாள்.

தேர்தலன்று காலையில் குடத்தோடு வந்த எதிர்வீட்டு சவரிமுத்து கெஞ்சினான்: "இந்தத் தடவையாவது மாத்திக் குத்துங்கக்கா. உங்க வீட்டுல மட்டும் ஆறு ஓட்டு இருக்கு."

அவள் குடத்தை வாங்கி, விளிம்புவரை நிரப்பி, அவன் தோளில் ஏற்றிவிட்டாள்.

"அஞ்சு வருஷமா இங்கதான தண்ணி எடுக்குற. நீ யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கேனாடா தம்பி?"

கேட்டுவிட்டு, பூத் சிலிப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, போன தடவை குத்திய அதே சின்னத்தில் குத்தக் கிளம்பினாள்.