மேல்மாடத்து முகம்

"கட்டை விரலை வெட்டணும், அன்னதாதா! இனி இந்த ஆளு தூரிகையே பிடிக்கக் கூடாது!"

ராஜாவைப் பார்த்து டாகுர் ஜோராவர் சிங் போட்ட சத்தத்தில் தர்பார் மண்டபத்துப் புறாக்கள் அத்தனையும் எழுந்து, ஒரு சுற்றுப் பறந்து, மறுபடி உட்கார்ந்தன.

கீழே மண்டியிட்டிருந்த அரண்மனைச் சித்திரக்காரர் உதேராம், தன் கட்டை விரலை மற்ற விரல்களுக்குள் மெல்ல ஒளித்துக்கொண்டார்.

ராஜா அபய்கரணின் மடியில் அந்தப் புதுப் படம். இரண்டு சாண் காகிதத்தில் முழு ராஜ்யமும் இருந்தது. முற்றத்தில் யானைச் சண்டை, ஹூக்காவோடு ராஜா, சுற்றிலும் சர்தார்கள். மேலே ராணி மாடத்தில் பட்டாணி அளவு ஜன்னல். அதில் முக்காடு போட்ட ஒரு பெண் முகம்.

"இதுல என்ன தப்பு, டாகுர் சா? ஜன்னல்னு இருந்தா யாராவது எட்டிப் பார்க்கத்தானே செய்வாங்க?" என்றார் ராஜா.

"யாராவதா? அது ராணி மாடம், ஹுக்கும்! அங்க ராணி சாகிபாவைத் தவிர வேற யாரு எட்டிப் பார்ப்பாங்க? முகத்தை வரையணும்னா முகத்தைப் பார்த்திருக்கணுமில்ல? பர்தாவுக்குள்ள எப்படியோ கண்ணை விட்டிருக்கான் பாவி!"

ராணி இந்தக் கோட்டைக்குள் வந்ததே திரை மூடிய பல்லக்கில். ராஜாவைத் தவிர வேறு ஆண் கண் அவர் மேல் பட்டதில்லை. படவும் கூடாது. இப்போதுகூட மண்டபத்தின் பின்பக்கம், கல் பின்னல் தட்டிக்கு அந்தப்புறம் உட்கார்ந்துதான் கேட்டுக்கொண்டிருந்தார். வளையல் சத்தம் மட்டும் இந்தப் பக்கம் வரும்.

டாகுரின் கோபம் எங்கே கிளம்பியது என்று உதேராமுக்குத் தெரியும். படத்தில் தன்னை ராஜாவுக்குப் பக்கத்தில் வரையச் சொல்லி, டாகுர் ஒரு கூடை மாதுளை அனுப்பியிருந்தார். உதேராம் மாதுளையைத் தின்றுவிட்டு, டாகுர் நிஜமாகவே நின்ற இடத்தில், யானை வாலுக்குப் பின்னால் வரைந்து வைத்துவிட்டார்.

"என்ன சொல்றீங்க, சித்திரக்காரரே?" ராஜாவின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "பார்த்தீங்களா, இல்லையா?"

"இல்லை, அன்னதாதா. எத்தனையோ ராணிகளை வரைஞ்சிருக்கேன். ஒருத்தர் முகத்தையும் பார்த்ததில்லை. எப்படி இருப்பாங்கன்னு தெரிஞ்சுக்க எனக்கே ஆசைதான்."

"பார்த்தீங்களா, ஆசையாம்!" என்று டாகுர் குதித்தார்.

உதேராம் தன் துணிமூட்டையை அவிழ்த்தார். உள்ளேயிருந்து மெல்லிய மான்தோல் துண்டு ஒன்றை எடுத்தார். ஒரு பக்கவாட்டு முகத்தின் கோட்டில் ஊசியால் பொடிப் பொடியாகத் துளை போட்டிருந்தது. அதை வெற்றுக் காகிதத்தில் வைத்து, கரிப்பொடி கட்டிய துணி முடிச்சால் தட்டித் தட்டி எடுத்தார்.

காகிதத்தில் ஒரு முகம் விழுந்திருந்தது. மீன் கண், கிளி மூக்கு. ஜன்னலில் இருந்த அதே முகம்.

"எங்ககிட்ட பொம்பளை முகம்னா இது ஒண்ணுதான், ஹுக்கும். ராதையும் இவதான், தயிர்க்காரியும் இவதான். நகையும் புடவையும்தான் மாறும்."

ராஜா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ எங்க அத்தை படம்?"

உதேராம் தலையைச் சொறிந்தார். "அதுவும்தான், ஹுக்கும். மூக்குத்தியை மட்டும் கொஞ்சம் பெருசாப் போட்டேன்."

"அடப்பாவி மனுஷா! 'அச்சு அசல் நானேதான், கன்னத்துல அந்தக் குழி உட்பட'ன்னு அத்தை உமக்கு முத்துமாலை குடுத்தாங்களேய்யா!" ராஜா அத்தையின் கீச்சுக் குரலிலேயே சொல்லிக்காட்ட, தர்பாரே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

உதேராம் கட்டை விரலை வெளியே விட்டார்.

டாகுர் முகம் மட்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது.

"எல்லாம் நாடகம், ஹுக்கும்! ஏமாந்துடாதீங்க! அச்சு வெச்சிருந்தா என்ன? ஆளு கெட்டிக்காரன். அப்படியே வரைஞ்சா மாட்டிக்குவோம்னு தெரிஞ்சுதான், பின்கழுத்து மச்சத்தை மட்டும் விட்டுட்டான்!"

சிரிப்புச் சத்தம் அறுந்து விழுந்தது.

உதேராம் நிமிர்ந்து பார்த்தார். கட்டை விரலைப் பற்றிய பயமே அவருக்கு மறந்துபோய்விட்டது. தொழில்காரனுக்கே உரிய ஆவலோடு கேட்டார்:

"எந்த மச்சம், டாகுர் சா? முக்காட்டுக்குள்ள பின்கழுத்துல மச்சம் இருக்கிறது எனக்கு எப்படித் தெரியும்?"

டாகுர் வாசல் பக்கம் ஓர் அடி பின்வாங்கினார்.

ராஜா ஹூக்காக் குழாயைக் கீழே வைத்தார். டாகுரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல் தட்டிக்குப் பின்னாலிருந்து வளையல் சத்தம். பிறகு, அந்த தர்பார் அதுவரை கேட்டேயிராத ஒரு பெண் குரல் தெளிவாக வந்தது.

"சித்திரக்காரரை விட்டுடுங்க, அன்னதாதா. நாங்க குளிக்கிற குளத்துக்கு மேல மாமரத்துல தினமும் குரங்கு வருதுன்னு கல்லெடுத்து அடிச்சுக்கிட்டிருந்தேன்... பாவம், அது டாகுர் சான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது!"