சோகேஸ் யானை

“யசி, சோகேஸ் திறப்பை எங்கை வைச்சனீ?”

ஜெரோசன் மனைவி யசிந்தாவிடம் கேட்டான். ஒளித்து வைத்ததே அவன்தான்.

எட்டு மாதமாக அவனுடைய அக்கா மேர்சி கனடாவிலிருந்து அனுப்பிய விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் பூட்டிய அந்தக் கண்ணாடி அலுமாரிக்குள் பெட்டியோடு இருந்தன. குருநகரில் பாதிப்பேர் வந்து பார்த்து மெச்சிவிட்டார்கள். தொட்டுப் பார்க்கக் கொடுத்துவைக்காதது, யாருக்காக வந்தனவோ அந்தக் குழந்தை ஜெனிற்றாவுக்கு மட்டும்தான்.

ஒருவழியாக, அந்தோனியார் படத்துக்குப் பின்னால் திறப்பு அகப்பட்டது.

“அக்கான்ரை வான் சாவகச்சேரி தாண்டிட்டுதாம். உந்தப் போத்தல், வலைத்துண்டு எல்லாத்தையும் கட்டிலுக்குக் கீழை தள்ளு.”

அவையெல்லாம் யசிந்தா செய்தவை. கிளினிக் மருத்துவமாது சொல்லிக் கொடுத்தபடி, சோடாப் போத்தலுக்குள் பயறு போட்டு மூடியை ஒட்டியிருந்தாள். சாக்கு, துவாய், பழைய பட்டுச் சேலை, ஜெரோசனின் கழுவிய வலை என்று நாலையும் ஒரே விரிப்பில் தைத்திருந்தாள். குழந்தை அதில் குப்புறக் கிடந்து ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பார்க்கும். ஒரு பேசினில், குழந்தை கையால் அளைய, பீற்றூட் தண்ணீரில் ஊறிய சவ்வரிசி வேறு.

“பிள்ளை விளையாடுறது உதுகளோடைதானே. ஏன் ஒளிக்கோணும்?”

“அக்கா காசு குடுத்து வாங்கி அனுப்ப, நாங்கள் குப்பையைக் குடுத்து வைச்சிருக்கிறம் எண்டு நினைப்பா. மிக்ஸிக் கதை மறந்துபோச்சோ?”

யார் மறப்பார்கள்? போனமுறை வந்த மேர்சி, தான் அனுப்பிய மிக்ஸி பெட்டி உடைக்காமல் அலுமாரிக்கு மேலே இருப்பதைக் கண்டுவிட்டு, ஒரு வருடம் போனே எடுக்கவில்லை. ஜெரோசனுக்குக் கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். அவளே ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று குழந்தையின் ஞானஸ்நானத்தை இந்த ஞாயிறுவரை தள்ளி வைத்திருந்தான். இந்தமுறையும் கோபித்துக்கொண்டு போனால் அவனால் தாங்க முடியாது.

“மிக்ஸியிலை பட்டும் உங்களுக்குப் புத்தி வரேல்லை” என்று முணுமுணுத்துக்கொண்டே யசிந்தா எல்லாவற்றையும் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.

மேர்சி வந்து இறங்கியபோது, குழந்தை புத்தம்புதுச் சாமான்களின் நடுவே ராசாத்தி போல இருந்தது. ஜெரோசன் பெருமையோடு அவற்றில் ஒரு யானைப் பொம்மையின் பொத்தானை அமுக்கினான். யானை கண்ணைச் சிமிட்டி, காதை ஆட்டி, இங்கிலீசில் உரத்துப் பாடியது.

ஜெனிற்றா உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த நிமிடம் வீடு அதிர அழுதாள்.

“நித்திரைக் குணம் அக்கா. மற்றும்படி எந்த நேரமும் உந்த யானையோடைதான்.”

“ஓமோ?”

மேர்சி யானையைத் தூக்கிப் பார்த்தாள். அதன் காலில் கொம்பனிக்காரன் கட்டிய பிளாஸ்டிக் நாடா இன்னும் அறுக்காமலே இருந்தது. ஜெரோசனுக்கு முகம் செத்துவிட்டது.

போதாக்குறைக்கு, அழுகையை நிறுத்திய குழந்தை வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து கட்டிலுக்குக் கீழே போனது. வெளியே வந்தபோது கையில் பயற்றுப் போத்தல். ஒரு குலுக்கு. உடனே பொக்கை வாய்ச் சிரிப்பு.

 மேர்சி பயணச் சட்டையோடு முழந்தாளிட்டு, கட்டிலுக்குக் கீழே கிடந்ததை எல்லாம் இழுத்து எடுத்தாள். போத்தல் மூடியைத் திருகிப் பார்த்தாள். விரிப்பின் தையலை இழுத்துப் பார்த்தாள். சவ்வரிசியை மணந்தும் பார்த்தாள். பிழை பிடிக்கிறாள் என்றே யசிந்தா நினைத்தாள். ஆனாலும் இனி மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“மச்சாள், நீங்கள் அனுப்பினது பழுதாப்போகும் எண்டு இவர் பூட்டி வைச்சிட்டார். பிள்ளை சும்மா கிடக்கக்கூடாதெண்டு உதெல்லாம் நான்தான் செய்தனான். கோவமெண்டா என்னோடை கோவியுங்கோ. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் முடியும்வரைக்கும் நில்லாமல் போயிடாதேங்கோ.”

“மூடியை என்னத்தாலை ஒட்டினனீ?”

“சுப்பர் குளூவாலை.”

“அதுக்கு மேலை ஒட்டிற ரேப்பும் சுத்து. பல்லு வரேக்கை கடிப்பாள்.”

மேர்சி நிலத்தில் காலை நீட்டி இருந்தாள். குழந்தையைக் குப்புறப் போட்டு, வலைத்துண்டை நகத்தால் மெல்லச் சுரண்டினாள். ஜெனிற்றா சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பி, கையை நீட்டித் தானும் சுரண்டினாள். எத்தனையோ பிள்ளைகளோடு பழகிய கை என்பது பார்த்தாலே தெரிந்தது.

“அக்கா, உங்களுக்கு உது எப்பிடித் தெரியும்?” ஜெரோசன் மெதுவாகக் கேட்டான். “நீங்கள் ஒஃபிஸிலை எல்லோ வேலை?”

“ஒஃபிஸ் எண்டது ஊருக்குச் சொன்னதடா. பதினொரு வருசமா நான் வேலை செய்யிறது கைக்குழந்தையளைப் பாக்கிற இடத்திலை. நாள் முழுக்க அங்கை செய்யிறது உதைத்தான்.”

அவள் கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் போத்தலை வெளியே எடுத்தாள். உள்ளே கலர் கலராகச் சட்டைப் பொத்தான்கள். மூடிக்கு மேல் இரண்டு சுற்று ரேப்.

“இவள் பிறந்த கிழமையே செய்தனான்.”

யசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்ப இதை அனுப்பாமல், ஏன் மச்சாள் உந்த யானையை அனுப்பினனீங்கள்?”

போத்தலைக் குழந்தையின் கையில் கொடுத்தபடியே மேர்சி சிரித்தாள்.

“கனடா மாமி வெறும் போத்தல் அனுப்பினவ எண்டா, நீங்கள் சோகேஸிலை வைப்பியளே?”