நூற்றிருபத்தைந்து மில்லி

“ஒயினை விடணும்னா விட்டுடறேன். அப்புறம் உயிர்ச்சேதத்துக்கு டாக்டர்தான் பொறுப்புன்னு சொல்லிடு.”

“விட வேண்டாம்னுதான் சொல்றார், ரெஜீஸ். ஒரு நாளைக்கு நூத்தி இருபத்தஞ்சு மில்லி. அதுவும் சாப்பாட்டோட மட்டும்.”

“நூத்தி இருபத்தஞ்சா? என் திராட்சையைத் திருடற குருவிகூட அதுக்கு மேல குடிக்குமே.”

மூன்று மாதத்துக்கு முன் டாக்டர் வீட்டு வாசலில் நடந்த இந்தப் பேச்சை நினைத்தால் மிரேய்க்கு இன்னும் சிரிப்பு வரும். ஆனால் விஷயம் சிரிப்பாக இல்லை. ரெஜீஸுக்கு வயது ஐம்பத்தெட்டு, எடை தொண்ணூற்றெட்டு கிலோ, ரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தால் கோப்பை தொடரலாம். குறையாவிட்டால் ஒயின் அடியோடு நிற்கும், மாத்திரை ஆரம்பிக்கும்.

லோத் ஆற்றுச் சரிவில் தானே கொடி வளர்த்து, தானே பிழிந்து, அந்தக் கறுஞ்சிவப்பு ஒயினைக் குடித்தே நரைத்தவன் அவன். அவன் அப்பா இதே சர்க்கரையில் ஒரு காலை இழந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள்.

அதனால் பொறுப்பை மிரேய் தன் தலையில் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்கு, தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையை அடைத்ததும் நேரே வந்து சமையலில் இறங்குவாள். இரண்டு மணிக்குக் கடை திறக்கும்வரை அவன் தட்டு அவள் கண்காணிப்பில்தான். ஒரு கோப்பை ஒயின் என்றால் நூறு கலோரி. அது உள்ளே வரவேண்டுமென்றால் ஆட்டுப்பால் சீஸ் வெளியே போகவேண்டும். வெண்ணெய் எப்போதோ போய்விட்டது. இரவுக்கு வெறும் லீக் என்னும் பெரிய வெங்காயத்தாள் சூப்.

மருந்து அளக்கும் கண்ணாடிக் குடுவையைக் கைப்பையிலிருந்து எடுத்து, கோடு பார்த்து ஊற்றுவாள். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து மறுபடி கைப்பையில் போட்டுக்கொள்வாள். சமையலறையில் வைத்தால் அவன் கோட்டைச் சுரண்டிவிட்டு மேலே புதுக்கோடு போட்டுவிடுவான் என்பது அவள் சந்தேகம்.

இன்று மூன்று மாதம் முடிகிற நாள். மதியச் சூப் கிண்ணத்தின் அடியில் இரண்டு வாய் மிச்சம் வைத்துவிட்டு ரெஜீஸ் பாட்டிலை நோக்கிக் கையை நீட்டினான். கடைசிச் சூப்பில் ஒயினை ஊற்றி, கிண்ணத்தைத் தூக்கி அப்படியே குடிப்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

அதற்கும் அளவு உண்டு என்று மிரேய் பாட்டிலை நகர்த்தினாள். சூப்பில் கலந்தது சூப்புதான், அதை ஒயின் என்று ஊரில் ஒருத்தரும் சொல்லமாட்டார்கள் என்று அவன் வாதாடினான். உன் ஊர் சொல்லாது, உன் தொப்பை சொல்லும் என்றாள் அவள். கடைசியில் அளந்த ஒயினிலிருந்தே கொஞ்சம் கிண்ணத்துக்குப் போயிற்று. மீதிக் கோப்பை, எடை பார்த்த பிறகுதான்.

எடை பார்க்கும் கருவி தொண்ணூற்றொன்பது காட்டியது.

“இப்பக் குடிச்ச சூப்போட எடை அது, மருந்துக்கடைக்காரம்மா,” என்றான்.

மிரேய் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கலோரிகளை முதலிலிருந்து மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். எங்கேயும் பிசகவில்லை. ஒரு கிலோகூடக் குறையாமல் எப்படி ஏறும்? இந்தக் காவல் வேலைக்கு நான் லாயக்கில்லை, திங்கட்கிழமையிலிருந்து டவுனில் இருக்கிற உணவு ஆலோசகரிடம் போய்க்கொள், அந்தம்மா பார்த்துக்கொள்வார் என்றாள்.

“ஒயினும் இன்னியோட நின்னுடும், ரெஜீஸ்.”

அவன் கெஞ்சுவான், பாதிக் கோப்பையாவது கொடு என்று பேரம் பேசுவான் என்று காத்திருந்தாள். அவனோ மீதி ஒயினைச் சொட்டுக்கூடச் சிந்தாமல் பாட்டிலுக்குள் திரும்ப ஊற்றி, கார்க்கை அழுத்தி மூடினான்.

“நிக்கட்டும்,” என்றான்.

மிரேய்க்குப் பயம் வந்துவிட்டது. இவனுக்கு நெஞ்சு வலி ஏதாவதா?

அவன் எழுந்து, நிலவறைப் படிக்குப் பக்கத்து அலமாரியைத் திறந்தான். உள்ளே ஏழெட்டுக் காலி ஜாடிகள். எல்லாம் கொழுப்பில் வேகவைத்துப் பதப்படுத்திய வாத்துத் தொடை இருந்தவை. கீழ்த்தட்டில் பாதி தீர்ந்த வெண்ணெய்க் கட்டியும், வால்நட் கேக்கும்.

“இதெல்லாம் யார் தின்னது?”

“நான்தான். ராத்திரி உன் சூப்பைக் குடிச்சிட்டு, அதுக்கு மேல.”

“அவ்வளவு ஆசையா?”

“ஆசையாவது. கஷ்டப்பட்டுத்தான் தின்னேன். சில நாள் முடியவே இல்ல.”

அப்பன் காலைப் பறிகொடுத்ததைப் பார்த்தும் புத்தி வரவில்லையே என்று அவள் பொரிந்து தள்ளினாள். எதற்காக இப்படி என்று இரண்டு தடவை கேட்டாள். உப்பு வேண்டுமென்றால்கூட உப்புக்குடுவையைப் பார்ப்பானே தவிர, வாய் திறந்து எதையும் கேட்டறியாதவன் ரெஜீஸ். அலமாரிக் கதவை மெல்லச் சாத்தினான்.

“இளைச்சிட்டா நீ வர்றது நின்னுடுமே,” என்றான் தரையைப் பார்த்து.

பிறகு தலையை நிமிர்த்தினான்.

“என்னை விட்டுப் போய் மூணு வருஷமாச்சு, மிரேய். திரும்பி வந்துடேன்.”