தொட்ட கை

பொருட்காட்சியில் குழந்தைகள் தொட்டு விளையாட ஒரு பட்டி போட்டு, ஆட்டுக்குட்டிகளையும் ஒரு கன்றையும் விட்டிருந்தார்கள். அங்கே போய்வந்த பிள்ளைகளுக்கு வரிசையாக ரத்தபேதி. சுகாதார ஆய்வாளர் அமிர்தா ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தாயாக விசாரித்துக்கொண்டு வந்தாள். பூரணியின் மகளுக்குச் சிறுநீரகமும் பழுதாகி, டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"பட்டி வாசல்லயே குழாயும் சோப்பும் இருந்துச்சேம்மா. பாப்பா கையக் கழுவிவிடலயா?" அமிர்தாவின் குரலில் எரிச்சல் இருந்தது.

"ஆட்டுக்குட்டியத் தொட்டதும் கழுவிவிட்டேன் மேடம். கடைசியாத்தான் கன்னுக்குட்டிகிட்டப் போனோம். தொட்டுக் கண்ணுல ஒத்திக்கச் சொன்னேன். ஒத்திக்கிட்டு, விரலுக்கு முத்தமும் குடுத்துக்கிட்டா." பூரணி நிமிர்ந்து பார்த்தாள். "மகாலட்சுமியத் தொட்ட கைய யாராச்சும் கழுவுவாங்களா?"

மறுநாள், பரிசோதனைக்குச் சாணம் எடுக்க அமிர்தா பட்டிக்குள் போனாள். ஆட்டுக்குட்டிகள் விலகி ஓடின. கன்று மட்டும் வந்து அவள் இடுப்பில் முட்டியது. கையுறையை மாட்டுவதற்குள் அதன் முதுகைத் தடவிவிட்டாள். தடவிய கை, யாரும் சொல்லாமலே, அவள் கண்ணை நோக்கி எழுந்தது.

இமைக்கு ஒரு விரற்கடை முன்னால் அதை நிறுத்திவிட்டாள். கீழே இறக்கத்தான் மனம் வரவில்லை.