பயிற்சிக்கு ஒரு பெயர்

நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு, இறப்புச் சான்றிதழ் கொடுக்க இரண்டு கவுண்டர்கள். ஒன்றில் மரகதவல்லி, பத்தொன்பது வருட சர்வீஸ். அடுத்ததில் எஸ்தர், சேர்ந்து நாலு வருடம். சென்னையில் பத்து நாள் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தபோது, மரகதவல்லி மேலாளரிடம் போய் வாய்விட்டே கேட்டாள். அவர் அனுப்பியது எஸ்தரை.

திரும்பி வந்த எஸ்தர் வேறு ஆளாக இருந்தாள். மூன்று நாள் இழுக்கும் பெயர்த் திருத்தத்தை ஆள் நிற்கும்போதே முடித்துக் கொடுத்தாள். குழந்தையைப் பறிகொடுத்து வந்த ஒருத்தியிடம் எதையும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. மரகதவல்லி கீபோர்டில் ஓடும் எஸ்தரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேகம் தனக்கு வந்திருக்க வேண்டியது என்று வயிறு எரிந்தது.

ஒரு திங்கட்கிழமை எஸ்தரின் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. கடைசியில் நின்ற பெரியவரை மரகதவல்லி கூப்பிட்டாள். "இங்க வாங்கய்யா, யாருமே இல்ல."

"இருக்கட்டும்மா, நான் நிக்கிறேன்" என்றார் அவர்.

அன்று மதியம் மேலாளர் அவளை அழைத்து ஒரு படிவத்தை நீட்டினார். அடுத்த பயிற்சிக்கு அவள் பெயர். உடனே பேனாவைத் திறந்தாள்.

"எஸ்தருக்குத்தான் நன்றி சொல்லணும். அக்காவைக் கண்டிப்பா அனுப்புங்கன்னு ஒரு வாரமா என்னை விடல" என்றார் மேலாளர்.

மரகதவல்லி பேனாவை மூடினாள். "நான் போகல சார்."

"ஏம்மா? போன தடவை நீங்களே வந்து கேட்டீங்களே?"

"அப்ப நான் கேட்டேன் சார். இது அவ கேட்டு வந்தது" என்றாள்.

அவள் வெளியே வந்தபோது, எஸ்தர் வேலையை நிறுத்திவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.