மாமன் மடி

வீட்டுக்கு ஒரே பிள்ளை என்றாகிவிட்ட காலத்தில் தாய்மாமனுக்கு எங்கே போவது? மாமன்களை வாடகைக்கு அனுப்பும் கம்பெனிக்குத்தான். காங்கேயம் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் எழிற்செல்வி தன் மகள் நறுமுகைக்குக் காது குத்தியபோது, கம்பெனி அனுப்பிய மாமன் குணசீலன் பட்டு வேட்டியும் சீர்த்தட்டுமாக வந்து நின்றார். கூடப் பிறந்தவன்கூட அத்தனை வாஞ்சையாகக் குழந்தையை மடியில் வாங்கியிருக்கமாட்டான்.

ஆசாரி குத்தியதும் குழந்தை வீறிட்டது. மாமன் சீராக வந்த தோட்டைப் போட்டதும் அழுது களைத்து, அவர் தோளிலேயே தூங்கிப்போனது. எழிற்செல்விக்கு மனம் நிறைந்துவிட்டது. பந்தி முடிந்து குழந்தையை வாங்கிக்கொள்ளும்போது, "அப்பப்ப வந்து புள்ளையப் பாத்துட்டுப் போங்கண்ணா," என்றாள்.

குணசீலன் சுற்றுமுற்றும் பார்த்தார். "நான் வரமாட்டனுங்க அம்மிணி. கம்பெனியில வேற ஆள் வருவாங்க. புள்ள பெரியவளானா ஓலைக் குச்சுக் கட்ட வருவாங்க. கட்டிக் குடுக்கற எடத்தையும் மாமன் மொறையில அவங்கதான் சொல்லுவாங்க."

"எங்களுக்கு வேண்டாம்னா?"

அவர் குழந்தையின் காதில் கிடந்த தோட்டைப் பார்த்தார். எழிற்செல்வியின் கை தோட்டுக்குப் போனது.

"கழட்டீராதீங்க!" அவர் குரலைத் தாழ்த்தினார். "எம் மவளுக்குக் கம்பெனி போட்ட தோட்டை நான் கழட்டுன அன்னிக்கே கம்பெனி மாமமாருக நாலு பேரு வீட்டுக்கு வந்தாங்க. அப்பறம் அவளை நான் பாக்கவேயில்லீங்க."

எழிற்செல்வி கையை எடுக்கவில்லை. தூங்கும் குழந்தை விழித்துவிடாதபடி, திருகாணியை இன்னொரு சுற்று இறுக்கினாள்.