வலது பக்கத்துக் கிளி

“போச்சு! என் கண்ணே போச்சு!”

கூடத்திலிருந்து வந்த கூச்சலைக் கேட்டதும், குளியலறையில் படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தவள் அதை அப்படியே வாளியில் போட்டுவிட்டுச் சோப்புக் கையோடு ஓடி வந்தாள். கணவர் சோபாவில் சாய்ந்து, இரண்டு கண்களையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

“என்னங்க ஆச்சு? தூசி விழுந்துடுச்சா?”

“தூசி இல்லம்மா. எல்லாம் இந்த போன்தான். இதுல வீடியோ பாக்குறதும் ஒண்ணு, பாத்திரம் கழுவின தண்ணிக்குள்ள எட்டிப் பாக்குறதும் ஒண்ணு!”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. இந்த வாரம் முழுக்க இதே பாட்டுதான். நேற்று மாட்ச்சில் பந்தே தெரியவில்லை என்றார். முந்தாநாள் படத்தில் கதாநாயகன் யார், வில்லன் யார் என்று புரியவில்லை என்று கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டார்.

அவர் கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பவர். வருகிறவர்களின் மூக்கில் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் பிழைப்பு. பார்வை விஷயத்தில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

கடையில் போனஸ் கொடுத்திருந்தார்கள். அதில் வாஷிங் மிஷின் வாங்குவதென்று எப்போதோ முடிவாகிவிட்டது. அவள் பேக்கரியில் கேக்குக்குப் பூ போடுகிறவள். பகலெல்லாம் கிரீம் பையைப் பிதுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து துணியும் பிழிந்து பிழிந்து வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. இனிமேல் துணி பிழிந்தால் கேக்கை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் புது போன் ஒன்று சந்தைக்கு வந்து தொலைத்தது. அதன் விளம்பரத்தைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குப் பழைய போன் எட்டிக்காயாகக் கசந்தது.

“மிஷின் எங்க ஓடிடப் போகுது? அடுத்த வருஷம் வாங்கிக்கலாம். கண்ணு போனா வருமா? கண்ணை வெச்சுதானே நான் பொழைக்கிறேன்?”

“கையை வெச்சுதாங்க நானும் பொழைக்கிறேன்.”

பேச்சில் தோற்கும்போதெல்லாம் வீடியோ காட்டுவது அவர் வழக்கம்.

“வாய்ப்பேச்சே வேணாம். உன் கண்ணாலயே பாரு. பாத்துட்டு வேணாம்னு சொல்லு, அந்த போன் பேச்சையே நான் எடுக்க மாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

போனைச் சட்டை நுனியால் பளபளவென்று துடைத்தார். வெளிச்சத்தைக் கடைசி வரை ஏற்றினார். ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, கடைக்கு வருகிறவர்களை உட்கார வைப்பது போலவே அவளையும் பக்கத்தில் உட்கார வைத்தார்.

வீடியோவில் ஓர் இளைஞன் மேஜைமேல் இரண்டு போன்களை அருகருகே நிறுத்தியிருந்தான். இரண்டிலும் ஒரே கிளி.

“இடது பக்கம் இருக்கே, அது அச்சு அசல் நம்ம போன். அதே மாடல். வலது பக்கம் இருக்கிறது புதுசு. இப்ப சொல்லு, இது தெளிவா, அது தெளிவா?”

அவள் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். இடது பக்கத்துக் கிளி, மழையில் நனைந்த காக்காய் மாதிரி களையிழந்து உட்கார்ந்திருந்தது. வலது பக்கத்துக் கிளியைப் பார்த்ததும் அவள் வாய் பிளந்தது.

“அடேயப்பா! றெக்கையில ஒவ்வொரு இழையும் தனித்தனியா தெரியுதுங்க. கழுத்துல பாருங்க, பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவுல ஒரு நிறம் வருதே! இதை கிரீம்ல கொண்டு வர நான் எத்தனை தடவை மண்டையை உடைச்சிருக்கேன்!”

அவருக்கு உச்சி குளிர்ந்தது. நிறம் தெரிந்த பெண்டாட்டி எத்தனை பேருக்கு வாய்க்கும்!

அடுத்து, இருட்டில் ஒரு பூனை வந்தது.

“மீசை தெரியுதா பாரு.”

“மீசை என்னங்க, மீசையில ஒட்டியிருக்கிற பாலே தெரியுது. இடது பக்கத்துல பூனையே தெரியலையே!”

“இதைத்தானே நான் வாரம் பூரா தொண்டைத்தண்ணி வத்த சொல்லிட்டிருந்தேன்!”

வீடியோ முடிந்தது. அவள் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, “இன்னொரு தடவை கிளியைப் பாக்கலாமா?” என்றாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வாளியில் கிடந்த விரிப்பை நினைத்து மனசு லேசாக உறுத்தத்தான் செய்தது. இன்றைக்கு மட்டும் அதைத் தானே பிழிந்து கொடுத்துவிடலாம் என்று பெருந்தன்மையாக முடிவு செய்து, உறுத்தலைச் சரிக்கட்டினார்.

“வலது பக்கம் எவ்வளவு சுத்தமா தெரியுது, இல்லைங்க?”

“கண்ணுல ஒத்திக்கலாம்!”

“இப்ப கண்ணு வலிக்குதா?”

“துளி வலி இல்லம்மா. இப்படித் தெரிஞ்சா நாள் பூரா உக்காந்து பாக்கலாம்.” அவர் எழுந்து செருப்பைத் தேடினார். “அப்ப கெளம்பலாமா? கடை தொறந்திருப்பான்.”

“கெளம்பலாங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு சந்தேகம்.”

“கேளு, கேளு!”

அவள் கையிலிருந்த போனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“இவ்வளவு அழகையும் நாம இப்ப எந்த போன்ல பாத்தோம்?”